தலை திரும்பாத கரு: நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிறைமாதப் பராமரிப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பேறுகாலத்தின் இறுதி வாரங்களிலும் கருவின் தலை கீழ்நோக்கித் திரும்பாமல், இடுப்போ காலோ முன்னிற்கும் நிலை பிரீச் நிலை எனப்படுகிறது. மருத்துவ நூல்கள் இதனைக் கருவின் கிடக்கையைப் பற்றிய சிக்கலாகவே விளக்குகின்றன. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் இது காலமும் தொலைவும் சார்ந்த சிக்கலாகவும் இருந்து வந்துள்ளது. வலி தொடங்குமுன் கருவின் நிலை அறியப்பட்டதா, அறுவை அரங்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்னும் இரண்டு வினாக்களே தாய்சேய் நலனைப் பெரிதும் தீர்மானித்தன. மகப்பேற்றுச் சட்டங்கள் வகுத்த பேற்றுக்கு முந்தைய விடுப்புக்காலத்தை மையமாகக் கொண்டு இவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, தேயிலைத் தோட்டம், மகப்பேறு, பிரீச் நிலை, மருத்துவச்சி, மகப்பேற்று நலச் சட்டம், தாயகம் திரும்பியோர்.

1. முன்னுரை

தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் ஆள்சேர்ப்பு, கங்காணி முறை, கூலி, இடப்பெயர்வு ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வெளிவந்த புதினம், ஆனைமலைத் தோட்டங்களில் நிலவிய நோயையும் சாவையும் ஒரு மருத்துவரின் பார்வையில் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் மகப்பேறு நவீன மருத்துவத்திற்குள் வந்த முறையை சிசிலியா வான் ஹாலனின் 2003ஆம் ஆண்டு நூல் ஆராய்ந்தது. இவ்விரு ஆய்வுத் துறைகளும் சந்திக்கும் இடம் தோட்டப் பெண்ணின் பேறுகாலம் ஆகும். கொழுந்து பறிக்கும் பணியில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆகவே கருவுற்ற பெண்ணின் உடல், தோட்ட நிர்வாகத்தின் கணக்கிலும் அரசின் சட்டத்திலும் தொடக்கம் முதலே இடம்பெற்றிருந்தது. அந்தக் கணக்கு எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்பதைப் பிரீச் நிலை தெளிவாகக் காட்டுகிறது.

2. கருவின் கிடக்கையும் காலமும்

28ஆம் வாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு கரு பிரீச் நிலையில் இருக்கும். பெரும்பாலானவை அடுத்த வாரங்களில் தாமே திரும்பிவிடும். நிறைமாதத்தில் 100 கருக்களுள் 3 அல்லது 4 மட்டுமே திரும்பாமல் எஞ்சும். எனவே ஏழாம் மாதத்தில் இந்நிலை அச்சத்திற்குரியதன்று. ஒன்பதாம் மாதத்தில் அது முடிவெடுக்க வேண்டிய செய்தியாகிறது.

இயல்பான பேற்றில் உடலின் பெரிய உறுப்பாகிய தலை முதலில் வழி அமைக்கிறது. பிரீச் பேற்றிலோ உடல் வெளிவந்த பின்னரே தலை வருகிறது. தலை சிக்கினாலும், கொப்பூழ்க்கொடி அழுந்தினாலும், செயல்படுவதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். மலைப்பாதையின் பயணக் காலம் அந்த நிமிடங்களுக்குள் அடங்காது. இதனால் வலி கண்ட பின் அறிவதற்கும் வலிக்கு முன் அறிவதற்கும் உள்ள வேறுபாடு, பலநேரங்களில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக அமைந்தது.

முன்னறிவதற்குத் தேவையான கருவி மிக எளியது: வயிற்றைத் தொட்டறியும் பயிற்சி பெற்ற கை. ஐரோப்பாவில் பினார் 1878இலும் லியோபோல்டு 1894இலும் இம்முறையை ஒழுங்குபடுத்தி எழுதினர். அதற்கு முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நடத்திய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மான்செல் எழுதிய மகப்பேற்று நூலை 1857இல் தமிழில் வெளியிட்டிருந்தார். மகப்பேற்று மருத்துவம் அச்சுத் தமிழில் நுழைந்த காலமும், நீலகிரியில் தேயிலை வணிகப் பயிராக வேரூன்றிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. எனினும் அறிவு அச்சில் இருப்பது வேறு. லயத்தில் வலியுடன் கிடக்கும் பெண்ணை அது வந்தடைவது வேறு.

3. மருத்துவச்சியின் கையும் மலையின் சடங்குகளும்

நீலகிரியின் சமூகங்கள் கருக்காலத்தைத் தமக்கேயுரிய நாட்காட்டியால் அளந்தன. தோடர்களிடையே ஏழாம் மாதத்தை ஒட்டிக் கணவன் மனைவிக்கு வில் அளிக்கும் சடங்கு நடைபெற்றதை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் தம் 1906ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்தார். பிறக்கப்போகும் குழந்தையின் தந்தை இன்னார் என்பதை அச்சடங்கு சமூகத்திற்கு அறிவித்தது. படுகர்களிடையே முதற் கருக்காலத்தில் கன்னி கட்டும் வழக்கம் திருமணத்தையே உறுதிப்படுத்தியது. சமவெளியிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் வளைகாப்பையும் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

இச்சடங்குகளைப் புறவழக்கமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. இறுதி மாதங்களில் கருவுற்ற பெண்ணை மூத்த பெண்களின் பார்வைக்குள் கொண்டுவரும் சமூக ஏற்பாடாகவும் அவை இயங்கின. தாய்வீடு என்பதன் பொருளும் அதுவே. இந்தியாவின் பல பகுதிகளில் மருத்துவச்சிகள் எண்ணெய் தடவி வயிற்றை நீவிக் கருவின் கிடக்கையை அறிந்தனர்; சிலர் தலையைத் திருப்பவும் முயன்றனர். காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் வழங்கிவருகிறது. அவ்வாறு பிறந்து பிழைத்தவர் அரியர் என்பதே அவருக்குத் தனி ஆற்றல் கற்பிக்கப்பட்டதன் அடிப்படை எனக் கருதலாம்.

மருத்துவச்சியின் அறிவுக்கு எல்லையும் இருந்தது. ஆண்டுக்கு 40 பேறுகள் நிகழும் ஒரு தோட்டத்தில் பிரீச் பேறு ஒன்றோ இரண்டோ மட்டுமே நேரும். அரிதாக எதிர்ப்படும் ஒன்றில் கைத்திறன் முதிர்வது கடினம். சிக்கிய தலையை விடுவிக்கும் முறைகள் பெருநகரப் பேறுகால மருத்துவமனைகளில் வளர்ந்ததற்குக் காரணம் அங்கு நிகழ்ந்த பேறுகளின் எண்ணிக்கையே. 1844இல் தொடங்கிய சென்னை எழும்பூர் மருத்துவமனை அத்தகையது. அங்குப் பணியாற்றிய ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்று நூல் இந்திய மருத்துவ மாணவர் பல தலைமுறையினருக்குப் பாடநூலாயிற்று. திறன் சமவெளி நகரத்தில் குவிந்தது. தேவை மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்தது.

4. சட்டம் அளந்த வாரங்கள்

மகப்பேற்று நலச் சட்டம் மாகாண அளவில் 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னையிலும் இயற்றப்பட்டது. தோட்டங்களின் மருத்துவத் தரம் பற்றி மேஜர் லாயிட் ஜோன்ஸ் 1947இல் அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து வந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதியையும் குழந்தைக் காப்பகத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. அச்சட்டம் 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களையே முதலில் தழுவியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் எனக் குறைத்தது. ஆயினும் நீலகிரியின் பல்லாயிரம் சிறு தேயிலை விவசாயிகளின் நிலங்களில் கூலிக்குச் செல்லும் பெண்கள் அதன் காப்புக்கு வெளியிலேயே நின்றனர்.

1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் தோட்டங்களையும் உள்ளடக்கியது. பேற்றுக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் என 12 வார ஊதிய விடுப்பை அது வழங்கியது. முந்தைய 6 வாரத்திற்கும் முற்பட்ட ஒரு மாதத்தில், பெண் வேண்டினால் கடும் பணியோ நெடுநேரம் நிற்கும் பணியோ அளிக்கலாகாது என்றும் விதித்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், சட்டம் காத்த காலம் ஏறத்தாழ 30ஆம் வாரம் முதல் 40ஆம் வாரம் வரையாகும். கருவின் கிடக்கை நிலைபெறுவதும் இதே வாரங்களில்தான். சரிவில் நின்று கொழுந்து பறித்தல் கருவைத் திரும்பாமல் தடுக்கும் என்பது இங்கு வாதமன்று. ஓய்வுக்கென வகுக்கப்பட்ட அவ்வாரங்கள், மருத்துவ நோக்கில் கருவின் நிலையைக் கண்டறிவதற்கு ஏற்ற வாரங்களாகவும் அமைந்தன என்பதே கருதத்தக்கது.

அவ்வாய்ப்பை மூன்று கூறுகள் சுருக்கின. முதலாவது, தகுதிக்கான நாட்கணக்கு. முந்தைய 12 மாதத்தில் 160 நாள் பணியாற்றியவர்க்கே உரிமை இருந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை 80 நாளாகக் குறைத்தது. இரண்டாவது, மருத்துவ மிகையூதியம். பேற்றுக்கு முன்னும் பின்னும் இலவசப் பராமரிப்பு அளிக்காத நிர்வாகம் அதற்கு ஈடாக 25 ரூபாய் தந்தால் போதும் என 1961ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அத்தொகை 1988இல் 250 ரூபாயாக உயர்ந்தது; பின்னரும் உயர்த்தப்பட்டது. வயிற்றைத் தொட்டறியும் கைக்கு மாற்றாகச் சட்டம் ஒரு விலையை ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். மூன்றாவது, விடுப்பின் பகிர்வு. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முந்தைய விடுப்பு 6 வாரத்திற்கு மேற்படலாகாது என்ற வரம்பு மட்டுமே எஞ்சியது. குழந்தையுடன் கூடுதல் நாள் இருக்க விரும்பும் தாய் இறுதி வாரம் வரை பணியாற்ற இத்திருத்தம் வழிவிட்டது. பெண்ணுக்கு விருப்புரிமை அளித்த அதே விதி, கண்டறியும் வாரங்களைப் பணிநாட்களாக மாற்றவும் இடமளித்தது.

5. தாய்வீடு இழந்தோர்

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், 1976இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் புதிய குடியிருப்புகள் தோன்றின.

இவ்விடப்பெயர்வு குடும்பங்களைக் கடலின் இருபுறமும் பிரித்தது. தாய் இலங்கையிலும் மகள் நீலகிரியிலும் வாழ நேர்ந்த குடும்பங்களில் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு என்பது இல்லாமற்போனது. இலங்கையில் 1872ஆம் ஆண்டு முதல் தோட்ட மருத்துவத்திற்கும் 1939ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று நலத்திற்கும் தனிச்சட்டங்கள் இருந்தன. அந்த ஏற்பாடுகளுக்குப் பழகி வந்தோர் புதிய மலையில் உறவும் வழியும் அறியாதவராயினர். இறுதி வாரங்களில் பெண்ணைச் சூழ்ந்திருந்த மூத்தோர் பார்வை இவர்களிடத்தில் இருமடங்கு குறைந்தது: சடங்கின் வழியாகவும் இல்லை, சட்டத்தின் வழியாகவும் முழுமையாக இல்லை.

1971இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமாகிய உபாசி, நீலகிரியின் மூன்று தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கருத்தரிப்பைக் கட்டுப்படுத்தும் பெண் தொழிலாளர் பெயரில் மாதந்தோறும் 5 ரூபாய் சேமிக்கப்பட்டு, ஓய்வின்போது வழங்கப்படும் என்பது அதன் சாரம். பிறப்பின் எண்ணிக்கையே அங்கு அளவுகோலாக இருந்தது. இருப்பினும் அதனுடன் வளர்ந்த தொழிலாளர் நலத் திட்டம், லயங்களிலிருந்தே இணைப்புப் பணியாளர்களைத் தெரிந்தெடுத்தது. எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார் என்பதை அறிந்த ஒருவர் மருத்துவமனைக்கும் லயத்திற்கும் இடையே நின்றார். கூடலூரில் 1990இல் தொடங்கிய அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனையும் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. தாய்வீட்டின் பார்வை வேறொரு வடிவில் மீண்டதாக இவற்றைக் கொள்ளலாம்.

6. கையிலிருந்து கத்திக்கு

2000ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் பிரீச் பேற்றின் போக்கை மாற்றியது. 26 நாடுகளின் 121 மையங்களில் 2,088 பெண்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட அவ்வாய்வில், சேய்க்கு இறப்போ கடும் பாதிப்போ நேர்ந்தது, திட்டமிட்ட அறுவைப் பேற்றில் 1.6 விழுக்காடாகவும் இயற்கைவழிப் பேற்றில் 5.0 விழுக்காடாகவும் இருந்தது. ஈராண்டுத் தொடர்நோக்கில் குழந்தைகளின் வளர்ச்சியில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. எனினும் அதற்குள் அறுவையே பொது வழக்கமாகிவிட்டது. இயற்கைவழிப் பிரீச் பேற்றைக் கைக்கொள்ளும் திறன் புதிய மருத்துவரிடையே அருகியது. தமிழ்நாட்டில் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன, 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள்.

நீலகிரிக்கு இது பெரும் நன்மையே. மலையில் வாழும் பெண்ணுக்கு முன்கூட்டியே நாள் குறித்த அறுவை, நள்ளிரவுக் கொண்டைஊசி வளைவுகளினின்றும் யானை மறிக்கும் பாதையினின்றும் விடுதலை தந்தது. 2008இல் வந்த 108 அவசர ஊர்தி அவ்விடைவெளியை மேலும் குறைத்தது. ஆனால் 2009 நவம்பர் நிலச்சரிவு சாலைகளைத் துண்டித்தபோது, ஊர்தி மட்டுமே தீர்வாகாது என்பது புலப்பட்டது. மேலும் அறுவை ஒரு பேற்றின் இடரைத் தீர்த்து, அடுத்த பேற்றிற்கு ஒன்றை விட்டுச்செல்கிறது. தழும்புற்ற கருப்பையுடன் மீண்டும் கருவுறும் பெண்ணுக்கு, கருப்பை கிழிதலும் நஞ்சுக்கொடி ஆழப் பற்றுதலும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது தொலைவு பற்றிய பழைய வினா புதிய வடிவில் திரும்புகிறது.

36ஆம் வாரத்தை ஒட்டி வெளிப்புறமாகக் கருவைத் திருப்பும் முறை ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வெற்றி பெறுகிறது. மருத்துவச்சியின் நீவுதலுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. ஒலியலைப் படமும் இதயத் துடிப்புக் கண்காணிப்பும் அருகிலேயே அறுவை அரங்கும் இருப்பதுதான் வேறுபாடு. ஆகவே இம்முறை லயத்திற்கு உரியதன்று. மாவட்ட மருத்துவமனைக்கு உரியது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமைந்த பேறுகாலக் காத்திருப்பு அறைகளும் இதே தருக்கத்தைச் சார்ந்தவை: மருத்துவமனையைப் பெண்ணிடம் கொண்டுசெல்ல இயலாதபோது, வலிக்கு முன்பே பெண்ணை மருத்துவமனையருகில் தங்கவைத்தல்.

7. முடிவுரை

நீலகிரியில் பிரீச் பேற்றின் வரலாறு, மருத்துவச்சியிடமிருந்து மருத்துவமனைக்குச் சென்ற நேர்கோட்டு முன்னேற்றமாக அமையவில்லை. கருவின் கிடக்கையைக் காணும் பொறுப்பு தாய்வீட்டிலிருந்து தோட்ட நிர்வாகத்திற்கும், அங்கிருந்து அரசுக்கும் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிலர் விடுபட்டனர். சட்டம் வேலைநாளை எண்ணியது. மக்கள்தொகைத் திட்டம் பிறப்பை எண்ணியது. கருவின் நிலை இவ்விரு கணக்கிலும் இடம்பெறவில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முந்தைய விடுப்பை 8 வாரம் வரை நீட்டியுள்ளது. அந்த 8 வாரத்தில் பயிற்சி பெற்ற ஒரு கை வயிற்றைத் தொட்டறிவதும் உறுதிசெய்யப்படும்போதே அவ்விடுப்பு தன் முழுப்பயனை எய்தும். சட்டத்திற்கு வெளியே நிற்கும் சிறு தேயிலைத் தோட்டக் கூலிப் பெண்ணுக்கு அவ்வுறுதி இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.