ஹீலிங் விஷ்ஷும் எர்ணாவூரும்

போன ஞாயிற்றுக்கிழமை பையன் போக்கிமான் ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய லாட்டியாஸ் 'ஹீலிங் விஷ்' என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் பொத்தென்று விழுந்தது. அதற்குப் பதிலாக உள்ளே வந்த அடுத்த போக்கிமானுக்கு இழந்த பலம் முழுக்கத் திரும்பிவிட்டது. விஷம், தீக்காயம் எல்லாம் போயே போச்சு.

"செத்துடுச்சாடா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, மயக்கம்தான். சென்டர்ல குடுத்தா ஃப்ரீயா சரி பண்ணிடுவாங்க."

"அதுவாவே போட்டுச்சா?"

"நான்தாம்பா பட்டன அழுத்தினேன்."

இந்த வித்தை 2006-ல் ஜப்பானில் வெளியான டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் வந்தது. அணியில் களமிறங்க வேறு யாரும் மிச்சமில்லை என்றால் பலிக்காது. வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் கொடுக்க முடியும். விளையாட்டுக் கணக்கு அவ்வளவுதான். ஆனால் நான் திருவொற்றியூர்க்காரன். 'தன்னைக் கொடுத்து அடுத்தவரைக் குணப்படுத்துவது' என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கிட்னி.

தமிழ்நாட்டில் சிறுநீரக தானம் என்பது வீட்டுக்கு வீடு தெரியவந்தது எம்.ஜி.ஆரால்தான் என்று நினைக்கிறேன். 1984-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள் லீலாவதி. கொடுத்த பிறகும் அவர் 2021 வரை வாழ்ந்தார். ஆட்டத்தில் கொடுப்பவர் விழுந்தே ஆகவேண்டும். நிஜத்தில் அப்படி இல்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும் மருத்துவக் கவனிப்பும் இருந்தால் ஒரு சிறுநீரகத்தோடு நன்றாகவே வாழலாம்.

சிக்கலே அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதே 1980-களில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் வந்தது. கடனுக்காகச் சிறுநீரகம் விற்றவர்கள் அங்கே அவ்வளவு பேர். 1994-ல் மத்திய அரசு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கொண்டுவந்து விற்பனையைக் குற்றமாக்கியது.

2001-ல் ஓர் ஆய்வுக்குழு சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தது. முடிவுகள் அடுத்த வருடம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்றவர்களில் 71 சதவீதம் பெண்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்னைப்போல் இல்லை என்றார்கள். கடன் தீர்ந்ததா என்றால், பெரும்பாலோருக்கு அதுவும் தீரவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. வடசென்னைக் கடலோரக் குப்பங்களில் வீடு இழந்தவர்களைத் தற்காலிகக் குடியிருப்புகளில் வைத்தார்கள். எர்ணாவூரில் இருந்தது அப்படி ஒன்று. படகும் வலையும் போயாச்சு. காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போய்வரவே காசு வேண்டும். வட்டிக்காரன் மட்டும் வாசலுக்கே வருவான். 2007 ஜனவரியில் செய்தி வெடித்தது: அந்தக் குடியிருப்புப் பெண்கள் புரோக்கர்கள் மூலம் சிறுநீரகம் விற்றிருந்தார்கள். பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று.

சட்டம் இருந்தும் எப்படி நடந்தது? நெருங்கிய உறவினர் அல்லாதவரும் பெறுபவர் மீதுள்ள 'அன்பு அல்லது பற்று' காரணமாகக் கொடுக்கலாம், அனுமதிக் குழு ஒப்புக்கொண்டால் போதும் என்று சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. உண்மையான நண்பர்களுக்காக வைத்த கதவு அது. புரோக்கர்களும் அதே கதவு வழியாகத்தான் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு அன்பினால் கொடுக்கிறேன் என்று காகிதத்தில் கையெழுத்து விழும்.

தியாகம் என்ற சொல்லை இனிமேல் கேட்டால் பையனிடம் கேட்ட கேள்வியைத்தான் கேட்கத் தோன்றுகிறது: அதுவாகவே போட்டதா, யாராவது பட்டனை அழுத்தினார்களா? லீலாவதிக்கு அது அன்பு. எர்ணாவூரில் பட்டனை அழுத்தியது கடன்.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். அதையொட்டி மாநிலம் முழுக்கப் பேச்சு எழுந்தது. அந்த வருடமே தமிழ்நாடு அரசு, இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை முறைப்படுத்தியது. காத்திருப்போர் வரிசைப்படி உறுப்பு போகும். உயிரோடு இருக்கும் ஏழை விழ வேண்டியதில்லை. விளையாட்டிலும் 2019-ல் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முன், உள்ளே வருபவருக்குத் தேவையே இல்லாவிட்டால் ஹீலிங் விஷ் வீணாகிவிடும். இப்போது, தேவைப்படுகிற ஒருவர் வரும்வரை அது காத்திருக்கும்.

2023 முதல் உறுப்பு தானம் செய்து மறைந்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு. நல்ல விஷயம். ஆனால் இடுப்போரத்தில் தழும்போடு இன்றும் மீன்கூடை தூக்குகிற அக்காவுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. பையன் சொன்ன அந்த ஃப்ரீ சென்டர் எர்ணாவூர்ப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டால், எனக்குப் பதில் தெரியாது.