மன்னிப்பைத் தேடிச் சென்ற கரங்கள்

பிளவுண்ட சமுதாயத்தில் ஒப்புரவாக்குதலைக் குறித்துத் திருச்சபை ஏராளமாகப் பேசியுள்ளது, தீர்மானங்களையும் நிறைவேற்றியுள்ளது. தீர்மானத்தோடு நின்றுவிடாமல் மண்வெட்டியைக் கையிலெடுத்த வரலாறு அரிதே. ஜெர்மன் நாட்டுத் திருச்சபை வரலாற்றில் அத்தகைய ஒரு பகுதி உண்டு. அதனை இங்கு ஆராய முற்படுகிறோம்.

லோதர் கிரைசிக் 1898இல் பிறந்தவர். பிராண்டன்பர்க் நகரில் நீதிபதியாயிருந்தவர். மனநல விடுதிகளில் தமது நீதிமன்றத்தின் பாதுகாப்பிலிருந்த நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோவதை அவர் கவனித்தார். அரசே அவர்களைக் கொல்கிறது எனத் தெளிந்து, 1940இல் நீதி அமைச்சருக்கு எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்தார். கொலைத் திட்டத்தின் தலைவர்களில் ஒருவர்மீது கொலைக்குற்றமும் சாட்டினார். நாட்டுத் தலைவரின் சித்தமே சட்டம் என்று அமைச்சர் விளக்கியபோது அதனை ஏற்க மறுத்துப் பதவியை இழந்தார். பின்பு தமது பண்ணையில் யூதப் பெண்களை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்.

போர் முடிந்தபின், 1945 அக்டோபரில், ஜெர்மன் சுவிசேஷத் திருச்சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட் நகரில் குற்ற அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். அது துணிவான செயலே. எனினும் யூத மக்கள் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆண்டுகள் சென்றன, நாடு செழித்தது, குற்ற உணர்வு மங்கியது. 1958 ஏப்ரலில் பெர்லினில் கூடிய திருச்சபைப் பேரவை அணு ஆயுதங்களைப் பற்றிய விவாதத்தால் பிளவுறும் நிலையில் இருந்தது. ஏப்ரல் 30ஆம் நாள், அப்பேரவையில் கிரைசிக் ஓர் அழைப்பை வாசித்தார். போலந்து, சோவியத் நாடு, இஸ்ரேல் ஆகிய நாடுகளின் மக்களிடம், தங்கள் கைகளால் அவர்களுடைய நாட்டில் ஏதேனும் நன்மை செய்ய அனுமதி தரவேண்டும் என அது வேண்டிக்கொண்டது. இவ்வாறு ‘பாவநிவாரண அடையாளப் பணி’ என்னும் தொண்டியக்கம் தோன்றியது.

இங்கு இரு காரியங்களை நாம் கவனிக்கவேண்டும். முதலாவது, கிரைசிக் கொலைக்கு உடன்படாதவர், எதிர்த்து நின்றவர். ஆயினும் ‘அவர்கள் செய்தார்கள்’ என்று அவர் சொல்லவில்லை. ‘நாம்’ என்றே பேசினார். தானியேலும் நெகேமியாவும் தம் ஜனத்தின் பாவத்தைத் தம் பாவமாக அறிக்கையிட்டதை இது நமக்கு நினைவூட்டுகிறது. இரண்டாவது, மனிதரின் உழைப்பு பாவத்தை நிவிர்த்தி செய்யுமோ என்னும் கேள்வி இயல்பாக எழும். கிறிஸ்துவின் சிலுவை ஒன்றே பாவநிவாரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆகவேதான் ‘அடையாளம்’ என்ற சொல் இங்கு முக்கியமாகிறது. சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்தியது இரட்சிப்பின் விலையாக அன்று, அதன் கனியாகவே.

கிழக்கு நாடுகளின் கதவு உடனே திறக்கவில்லை. ஆகவே 1959இல் நார்வேயிலும் நெதர்லாந்திலும் பணி தொடங்கிற்று. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை நார்வேயின் பின்மார்க் பகுதியைத் தீக்கிரையாக்கியிருந்தது. அங்கே கோகெல்வ் என்னும் சிற்றூரில் ஜெர்மன் வாலிபர் ஒரு தேவாலயத்தைக் கட்டிக் கொடுத்தனர். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் இடித்த இங்கிலாந்தின் கவன்ட்ரி பேராலயத்தில், 1961இல் இடிபாடுகளின் ஒரு பகுதியைச் சீரமைத்தனர். பிரான்சின் தேசே குழுவினருக்கு அவர்கள் எழுப்பிய ஒப்புரவின் ஆலயம் 1962இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இஸ்ரேலிலும் 1961 முதல் பணி செய்தனர்.

கவன்ட்ரியின் மறுமொழியும் குறிப்பிடத்தக்கது. 1945 பிப்ரவரியில் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்கு இரையான டிரெஸ்டன் நகரில், சேதமுற்றிருந்த தீக்கனிமார் மருத்துவமனையைச் சீரமைக்க 1965இல் பிரித்தானிய வாலிபர் வந்தனர். காயப்பட்டவரே காயப்படுத்தியவர் இல்லத்தைக் கட்ட வந்த காட்சி அது.

இதற்கிடையே 1961 ஆகஸ்டில் பெர்லின் மதில் எழும்பிற்று. பிளவை ஆற்றப் புறப்பட்ட இயக்கமே இரண்டாகப் பிளந்தது. கிழக்கில் வாழ்ந்த கிரைசிக் தாம் தொடங்கிய பணியை அயல்நாடுகளில் நடத்த இயலாமற்போயிற்று. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. மக்டபர்க் நகரில் கத்தோலிக்க, சீர்திருத்த சபைகளின் வாலிபரை ஒருங்கே சேர்த்து, இடிந்த ஆலயங்களின் இடிபாடுகளை அகற்றச் செய்தார். 1960களின் நடுப்பகுதி முதல் போலந்தின் முன்னாள் வதை முகாம்களிலும் ஜெர்மன் வாலிபர் பணி செய்தனர். இரு பிரிவுகளும் 1991இல் ஒன்றாயின. அதனைக் காண 1986இல் மறைந்த கிரைசிக் உயிரோடில்லை.

இவ்வரலாறு போதகர்களாகிய நமக்குக் கூறுவது யாது? தொண்டு என்றாலே இருப்பவர் இல்லாதவருக்கு ஈவது என்று எண்ணிப் பழகிவிட்டோம். கொடுப்பவர் மேலே நிற்க, பெறுபவர் கீழே நிற்கிறார். பிளவோ அப்படியே நிற்கிறது. ஜெர்மன் வாலிபர் கொடையாளராகச் செல்லவில்லை. அனுமதி கேட்டு நின்றனர். மறுக்கும் உரிமை காயப்பட்டவரிடம் இருந்தது. மன்னிப்பை அவர்கள் உரிமையாகக் கோரவில்லை. நம் சபைகளின் வாலிபரைச் சிரமதானத்துக்கு அழைத்துச் செல்லும்போது, எந்தத் தெருவுக்குச் செல்கிறோம், அத்தெருவாருக்கு நாம் இழைத்தது என்ன, அவர்களிடம் அனுமதி கேட்டோமா என்று முதலில் நம்மை நாமே வினவுவோம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சகோதரனிடம் போ என்று ஆண்டவர் கட்டளையிட்டார். கிரைசிக்கின் தலைமுறை அவ்வழியில் நடந்து காட்டியது. அவ்வழி நமக்கும் அடைபடவில்லை.