உப்பு மூட்டையும் கைரேகையும்

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. பொறுமையாக வாசித்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர் கூவுவது போல இருக்கும். சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர், தோகைமலைக் குறவர். ஒரு சாதிப் பட்டியலுக்குள் எதற்கு இத்தனை ஊர்? காரணம், இந்தப் பட்டியலின் வேர் பிரிட்டிஷ் கால போலீஸ் அறிவிக்கைகளில் இருக்கிறது. எந்தக் கூட்டம் எந்த வட்டாரத்தில் திரிகிறது என்று குறித்துவைத்த கையெழுத்துதான் இன்று சாதிச் சான்றிதழில் அச்சாகி வருகிறது.

(நரிக்குறவர் வேறு. அவர்கள் மொழியே வேறு, வாக்ரிபோலி. இரண்டு பேரையும் ஒன்றாக்கிப் பேசுவது நம்ம ஊரில் ரொம்ப சகஜம்.)

அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது 'உப்பு' என்கிற வார்த்தை. கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கடற்கரையிலிருந்து மாட்டிலும் கழுதையிலும் உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, தானியத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பியவர்களில் குறவர்கள் முக்கியமானவர்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001இல் எழுதிய 'டிஸ்ஹானர்ட் பை ஹிஸ்டரி' புத்தகம் இந்தக் கதையைத்தான் தோண்டி எடுக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிற அந்த ஆளை ஊர் எதிர்பார்த்துக் காத்திருக்கும். அந்நியன்தான், ஆனால் எதற்கு வருகிறான் என்று எல்லாருக்கும் தெரியும்.

1862இல் மெட்ராஸிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை முழுமையடைந்தது. உப்பு வேகனில் வர ஆரம்பித்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலத்தையும் கோவையையும் உலுக்கியெடுத்தது. மாற்றிக்கொள்ளத் தானியமும் இல்லை, மூட்டை சுமக்க மாடும் இல்லை. 1882இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. காட்டில் மூங்கில் வெட்டிக் கூடையும் முறமும் முடைந்துகொண்டிருந்தவன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். வியாபாரம் போனபிறகும் அவர்கள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள், நடக்காவிட்டால் சோறு கிடையாது. ஆனால் இப்போது எதற்கு வருகிறார்கள் என்று ஊருக்குத் தெரியவில்லை.

போலீஸ் அதிகாரி முல்லாலி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்புகள்' பற்றிப் புத்தகம் போட்டது 1892. அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியோடு சேர்ந்து எழுதிய ஏழு தொகுதிகள் வெளிவந்தது 1909. அதில் குறவர் பற்றிய கட்டுரை நீளமானது. வாசிக்கும்போது ஒரு சமூகத்தைப் பற்றியது போலவும் இருக்கும், போலீஸ் டைரி போலவும் இருக்கும். மண்டை ஓட்டையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்திய காலம் அது.

வட இந்தியாவில் 1871லேயே வந்துவிட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911 திருத்தத்தோடுதான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. நெசவாளி பிள்ளை நெசவாளி, தச்சன் பிள்ளை தச்சன், அப்படியானால் திருடன் பிள்ளை திருடன் என்கிற தர்க்கம். நம்ம சாதி அமைப்பைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் இந்தத் தர்க்கத்தைச் செய்தான் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அரசு ஒரு சமூகத்தை 'குற்றப் பழங்குடி' என்று அறிவித்தால் அதை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது. பதிவு செய்தவர்களின் கைரேகையை எடுத்துக்கொள்வார்கள், மக்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்' ஆனதே அதனால்தான். சொன்ன நேரத்துக்கு வந்து ஆஜராக வேண்டும், ஊர் விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தவறினால் அதுவே குற்றம். பட்டியலில் உள்ள குற்றங்களில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் 7 வருஷம், மூன்றாவது முறை என்றால் ஆயுளுக்கும் நாடுகடத்தல்.

இங்கே என் தொழில் மூளை கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. நாங்கள் மாடல் ட்ரெய்ன் பண்ணும்போது முதலில் கேட்கிற கேள்வி, இந்த டேட்டாவை யார், எப்படிச் சேகரித்தார்கள் என்பது. ஒரு கணக்குக்கு, ஆயிரம் பேர் கொண்ட இரண்டு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் திருடுகிறவர்கள் பத்துப் பேர்தான். முதல் ஊரில் புகார் வந்தால் மட்டும் போலீஸ் போகும். இரண்டாவது ஊரில் தினமும் ராத்திரி வீடு வீடாக ஆள் எண்ணும். எண்ணும்போது இல்லாதவன் மேல் கேஸ். பத்து வருஷம் கழித்து ரெஜிஸ்டரைப் புரட்டினால் இரண்டாவது ஊர்தான் குற்ற ஊர் என்று நம்பர் சொல்லும். நம்பரில் பொய் இல்லை. திருட்டு எவ்வளவு, ஆள் எண்ணியது எவ்வளவு என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் அந்த நம்பரைக் காட்டியே இன்னும் நாலு போலீஸ்காரர்களை அந்த ஊருக்கு அனுப்புவார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிடிபட்ட திருடர்களில் எத்தனை பேர் குறவர் என்பது ஒரு கேள்வி. குறவர்களில் எத்தனை பேர் திருடர் என்பது வேறு கேள்வி. சட்டம் முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குத் தண்டனை கொடுத்தது. கைக்குழந்தை வரைக்கும் அந்தப் பெயருக்குள்தான் பிறந்தது.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் அஞ்சலி நடக்கிறது. நடக்கவும் வேண்டும். கள்ளர்களுக்கு நிலமும் எண்ணிக்கையும் இருந்தது, ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் மாதிரி குரல்கள் இருந்தன. நாலு கழுதையும் கூடாரமுமாக அலைந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயர் நம் நினைவில் நிற்கவில்லை.

சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் ரத்து செய்தது. இந்தியா முழுக்கப் போனது 1952 ஆகஸ்ட் 31. நடுவில் 1948லேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் மெட்ராஸில் வந்துவிட்டது. எழுத்தில், இது சமூகத்தைப் பார்க்காது, தனி ஆளைத்தான் பார்க்கும். ஸ்டேஷனில் எப்படி என்பதற்கு 1993 சாட்சி. விருத்தாசலம் பக்கம் முதனையில் நகை திருட்டு. கம்மாபுரம் போலீஸ் பிடித்துப்போன ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. 2021இல் 'ஜெய் பீம்' பார்த்துவிட்டு எல்லாரும் அழுதோம். படத்தில் அவர் இருளர், நிஜத்தில் அவர் குறவர். நமக்கு அழவைத்த அந்தக் கதையிலும் அவர்கள் பெயர் இல்லை.

உப்பை வேகனில் ஏற்றிய அந்த ரயில் பாதையில்தான் இன்று தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூருக்கும் கோவைக்கும் ஆள் கொண்டுவருகிறது. பனியன் கம்பெனிக்கும் ஃபவுண்டரிக்கும் அவர்கள் வேண்டும். வாடகைக்கு வீடு என்றால் மட்டும், "வடக்கத்தி ஆளுங்களுக்குக் குடுக்கறதில்லீங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று மரியாதையாகச் சொல்வோம். எங்காவது ஒரு செயின் பறிப்பு நடந்தால் தெருவே அவர்களைத் திரும்பிப் பார்க்கும். 2023 ஜனவரியில் திருப்பூரில் ஒரு சிறு தகராறின் வீடியோ, வடமாநிலத்தவர் தமிழர்களைத் துரத்துகிறார்கள் என்று போன் போனாகப் பரவியது. மார்ச்சில் அதே வதந்தி திரும்பிப் படுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று வேறெங்கோ நடந்த கொலைகளின் வீடியோவைச் சேர்த்துப் பரப்பினார்கள். அது பொய் என்று நம்ம போலீஸ் இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் நிறைய பேர் ஹோலிக்கு என்று சொல்லி மூட்டை கட்டியிருந்தார்கள், எத்தனை பேர் பண்டிகைக்குப் போனார்கள், எத்தனை பேர் பயந்து போனார்கள் என்று கம்பெனிக்காரர்களுக்கே புரியவில்லை. முதல் வீடியோவை ஃபார்வர்ட் செய்த கோவை வாட்ஸப் குரூப்பிலேயே இரண்டாவதுக்கு, "நம்மளப் போயி இப்படிச் சொல்றாங்களே" என்று ஒரு வாரம் ஆத்திரப்பட்டார்கள்.