சென்னைப் பெண்ணிய நாடகம்

சென்னைப் பெண்ணிய நாடகம் என்பது ஆணாதிக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி 1980களிலிருந்து இந்நகரில் வளர்ந்த நவீன நாடக முயற்சிகளைக் குறிக்கும். நெறியாளர் அ. மங்கை, எழுத்தாளர் அம்பை, கவிஞர் இன்குலாப், ஆய்வாளர் வ. கீதா ஆகியோரின் பங்கு இதில் முதன்மையானது.

பின்னணி

சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் அவர்களே கட்டினார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு நடத்திய குழு அரிய விதிவிலக்கு. பின்னாளில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபா மேடைகளில் பெண்கள் நடித்தபோதும், கதை பெரும்பாலும் குடும்ப மானத்தையும் மனைவியின் பொறுமையையும் சுற்றியே வந்தது. பம்பாய் ஞானத்தின் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழு ஆண் வேடங்களையும் பெண்களுக்கே கொடுத்து, அதே சபாக்களில் புது வழி திறந்தது.

பச்ச மண்ணு

கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த மங்கை, சென்னைக் கலைக்குழுவின் வீதி நாடகங்களில் பங்கேற்றவர். 1990களில் தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘வாய்சிங் சைலன்ஸ்’ திட்டத்தில் இணைந்து பணியாற்றினார். பெண் சிசுக்கொலையைப் பேசும் ‘பச்ச மண்ணு’ அக்காலத்தில் உருவானது. 1992இல் அரசு பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டிய அளவுக்கு அக்கொடுமை தமிழகத்தில் வேரூன்றியிருந்தது.

ஔவை

இன்குலாப் எழுதி மங்கை நெறியாண்ட ‘ஔவை’ இவ்வகையில் தலையாய படைப்பு. மெரினாவில் சிலையாக நிற்பவர் கோலூன்றிய மூதாட்டி. பாடநூல் வழியே நாம் அறிந்தவர் அறம் சொல்லும் பாட்டி. புறநானூற்று ஔவையோ வேறு. மன்னன் அதியமானோடு கள்ளருந்தியவர், அவன் தூதராக மற்றொரு மன்னன் தொண்டைமானிடம் சென்றவர். மாலை சூட்டி நெய் பூசிய தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து, அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்று குத்திக்காட்டியவர். ஊர் சுற்றிப் பாடிய இந்தப் பாண்மகளின் இளமையையும் வேட்கையையும் அரசியல் அறிவையும் நாடகம் மீட்டெடுத்தது.

தொடர்ச்சி

வ. கீதா தொகுத்த ‘காலக்கனவு’ பெண்களின் எழுத்துகளையும் உரைகளையும் ஆவணங்களிலிருந்து எடுத்து மேடையேற்றியது. திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி தம் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யைத் தாமே நடித்தார். பிறர் எழுதிக்கொடுத்த கண்ணீர் வசனத்துக்குப் பழகிய தமிழ் மேடையில், வாழ்ந்தவரே தம் கதையைச் சொல்லும் உரிமையை இம்மரபு நிலைநாட்டியது.