பழனி மலையில் வெயிலின் பணிகள்: காப்பிக் களம் முதல் வளையும் சூரியத் தகடு வரை

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் பழனி மலைத்தொடர், கொடைக்கானலை ஒட்டிய உயரமான மேல்மலை என்றும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் முதலிய ஊர்களைக் கொண்ட கீழ்மலை என்றும் இரு பகுதிகளாக அறியப்படுகிறது. மேல்மலை 2,000 மீட்டருக்கு மேல் எழுகிறது. கீழ்மலை பெரும்பாலும் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்து, காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு ஆகியவற்றின் நிலமாக விளங்குகிறது. இம்மலையின் வரலாற்றை எழுதியோர் மழையையும் மூடுபனியையும் குளிரையும் விரிவாகப் பேசியிருக்கின்றனர். ஆயினும் இங்கே வெயிலும் ஒரு வரலாறு உடையது. அது விளைச்சலை உலர்த்தியது, அறிவியல் ஆய்வுக்குப் பொருளானது, அண்மைக் காலத்தில் மின்சாரமாகவும் மாறியது. சுற்றுலாப் பயணிகள் தங்கும் சிறு டிரெய்லர்களின் கூரையில் இன்று ஒட்டப்படும் வளையும் சூரியத் தகடு, அதாவது சோலார் பேனல், இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே காணத்தக்கது.

கீழ்மலையில் வெயிலை மிகக் கவனமாகக் கையாண்ட தொழில் காப்பி விவசாயமாகும். இங்கு விளையும் அரபிக்கா வகைக் காப்பி மரநிழலில் வளர்வது. சில்வர் ஓக், பலா முதலிய மரங்கள் தோட்டத்தின் மேல் இரண்டாம் கூரையாக நிற்க, அவற்றின் அடியில் செடிகள் வளர்கின்றன. செடிக்கு நிழல் தேவைப்படுவதைப் போலவே, பறித்த பழத்துக்கு வெயில் தேவைப்படுகிறது. பழத்தை முழுதாகக் காயவைத்தால் அது ‘செர்ரி’ எனப்படும். தோலை இயந்திரத்தில் நீக்கி, கொட்டையை ஒட்டியிருக்கும் வழுவழுப்பான சதையைக் கழுவிப் போக்கி, மெல்லிய மேலுறையுடன் காயவைத்தால் அது ‘பார்ச்மென்ட்’ எனப்படும். இரு முறைகளிலும் ஈரப்பதம் ஏறத்தாழ 10 முதல் 11 விழுக்காடு வரை இறங்கினால்தான் சரக்கைப் பூசணமின்றிச் சேமிக்க இயலும். அதற்காகத் தோட்டத்தின் நடுவே மரங்களை விலக்கித் திறந்த வெளி ஒன்று அமைக்கப்பட்டது, அதுவே களம். பழத்தை மெல்லிய அடுக்காகப் பரப்புதல், நாள் முழுவதும் கிளறிவிடுதல், மாலைப் பனி இறங்குமுன் குவித்து மூடுதல் ஆகிய வேலைகள் அனைத்தும் வெயிலின் நேரத்தைக் கணக்கிட்டே நடைபெற்றன. அறுவடை தொடங்கும் காலம் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியோடு சேர்ந்துவிடுவதால், மழைக்கும் மழைக்கும் இடையே கிடைக்கும் சில மணி நேர வெயில் ஓர் ஆண்டு உழைப்பின் விலையையே முடிவு செய்யக்கூடியதாக இருந்தது.

வெயிலைப் பயன்படுத்துவதற்கு அப்பால், வெயிலின் மூலத்தையே ஆராய்வதற்கும் இதே மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1876-78 ஆண்டுகளில் தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பின்னர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அறிவியலாளரிடையே வலுப்பெற்றதால், சூரியனை இடைவிடாது கவனிக்கும் நிலையம் ஒன்று இந்தியாவில் தேவை என்ற கருத்து எழுந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்த மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிறகு கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1899-இல் நிலையம் உருப்பெற்று, 1901-இல் முறையான கவனிப்பு தொடங்கியது. சமவெளியின் தூசுக்கு மேலே, 2,343 மீட்டர் உயரத்தில் கிடைத்த தெளிவான காற்றே இவ்விடத்தின் சிறப்பாகும். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார்; அந்நிகழ்வு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்கப்படுகிறது. பஞ்சத்தை முன்னறியும் எதிர்பார்ப்பு எண்ணியவாறு நிறைவேறவில்லை என்றாலும், நூறாண்டுக்கு மேலாக இங்கு எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் உலகச் சூரிய ஆய்வின் அரிய ஆவணமாக நிலைத்துவிட்டன.

ஒளியை நேரடியாக மின்சாரமாக்கும் முயற்சி வேறிடங்களில் நடந்தது. ஒளி படும்போது சில பொருள்களில் மின்னழுத்தம் தோன்றுவதை 1839-இல் பிரான்ஸ் நாட்டின் எட்மண்ட் பெக்கரல் கண்டார். எனினும் பயன்படும் அளவிலான சிலிக்கான் சூரியக் கலம் 1954-இல்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாயிற்று. தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கிய அக்கலம் தொடக்கத்தில் பெரும்பாலும் விண்கலங்களுக்கே பயன்பட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இந்தியாவும் இத்துறையில் இறங்கி, சாகிபாபாதில் 1974-இல் தொடங்கப்பட்ட மத்திய மின்னணு நிறுவனத்தின் வழியாகச் சூரியக் கலங்களைத் தானே உருவாக்கத் தொடங்கியது. மரபுசாரா எரிசக்தியை ஊக்குவிப்பதற்காகத் தமிழ்நாட்டில் 1985-இல் தனி முகமை நிறுவப்பட்டது. 2011-இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி கொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் வழங்கப்பட்டபோது, ஊர்ப்புற ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் கூரையில் முதன்முறையாகச் சூரியத் தகடு ஏறியது.

மலையூர்களில் இத்தகடு வேரூன்றியதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. காட்டின் ஊடாக வரும் மின்கம்பிகள் மரம் சாயும்போதெல்லாம் அறுபடுகின்றன; 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் பகுதியைக் கடந்தபோது மரங்கள் பெருமளவில் சாய்ந்து மின்விநியோகம் நின்றுபோனது. மற்றொரு காரணம் யானை. கீழ்மலைத் தோட்டங்களைச் சுற்றி அமைக்கப்படும் சூரிய மின்வேலியில், பகலில் தகடு மின்கலத்தை நிரப்ப, ஒரு கருவி அம்மின்சாரத்தை உயரழுத்தமும் மிகக் குறுகிய நேரமும் கொண்ட துடிப்புகளாகக் கம்பியில் செலுத்துகிறது. தொட்ட விலங்கு அதிர்ந்து விலகுமே தவிர பொதுவாக உயிரிழப்பதில்லை. வீட்டு மின்சாரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வேலியில் பாய்ச்சி யானைகளைக் கொன்றுவிடும் கொடுமைக்கு இது மாற்றாக வந்ததாகும். இத்தகைய வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்டது.

வளையும் தகட்டின் தோற்றம் 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சன், கிறிஸ்டோபர் வ்ரான்ஸ்கி ஆகியோர் படிக வடிவமற்ற சிலிக்கானைக் கொண்டு கலம் செய்ததோடு தொடர்புடையது. மிக மெல்லிய படலமாகப் பூசக்கூடிய அச்சிலிக்கான், 1980-களில் கையடக்கக் கால்குலேட்டர்களில் பரவி, பின்னர் எஃகுத் தாளின்மேல் பூசப்பட்டுக் கூரைகளுக்கும் வந்தது. இன்று விற்பனையில் உள்ள வளையும் தகடுகளில் பெரும்பாலானவை, மெல்லியதாக அறுத்த படிகச் சிலிக்கான் கலங்களைக் கண்ணாடிக்கு மாற்றாக நெகிழ்வான பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே பொதிந்தவையாகும். நூறு வாட் திறனுள்ள கண்ணாடித் தகடு ஆறேழு கிலோ எடையுடன் அலுமினியச் சட்டத்தையும் வேண்ட, அதே திறனுள்ள வளையும் தகடு இரண்டு கிலோ அளவிலேயே அமைந்து, டிரெய்லரின் வளைந்த கூரையில் துளையிடாமல் ஒட்டப்படுவதற்கு உகந்ததாகிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இழுத்துச் செல்லப்படும் சிறு வண்டிக்கு, உச்சியில் எடை குறைவது உண்மையான பாதுகாப்பாகும்.

இத்தகட்டைப் பொருத்தும் முறையில் இடத்தின் இயல்பு தீர்மானமான பங்கு வகிக்கிறது. ஏறத்தாழ பத்து டிகிரி வட அகலாங்கில் உள்ள பழனி மலையில், டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் ஐம்பத்தாறு டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஐம்பதாம் அகலாங்கில் உள்ள ஐரோப்பிய நகரங்களில் அதே காலத்தில் ஏறத்தாழ பதினேழு டிகிரி உயரமே கிடைக்கிறது. அங்கே தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்க்காவிட்டால் குளிர்கால மின்சாரம் பெரிதும் குறையும். இங்கோ கூரையில் படுக்கையாக ஒட்டிய தகடே ஆண்டு முழுவதும் போதிய ஒளியைப் பெறுகிறது. சிலிக்கான் கலம் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 விழுக்காடு திறனை இழப்பதால், கூரையோடு ஒட்டப்பட்டு அடியில் காற்றோட்டமின்றிக் கிடக்கும் வளையும் தகட்டுக்கு மலையின் குளிர்காற்று உதவியாகிறது. பாதகமாக நிற்பது நிழலே. கலங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு கிளையின் நிழல் சில கலங்களில் விழுந்தாலும் தகடு முழுவதன் மின்னோட்டமும் தடைபடுகிறது. அதைத் தணிக்க வைக்கப்படும் டயோடுகள் இழப்பை ஓரளவே ஈடுசெய்கின்றன. நிழல் தேடித் தங்க வரும் பயணிக்கும் வெயில் தேடும் தகட்டுக்கும் ஒரே இடம் ஒத்துவருவதில்லை. காப்பித் தோட்டத்தில் இச்சிக்கலுக்கான விடை முன்பே கிடைத்துவிட்டது. மரநிழலின் நடுவே வெயிலுக்காக ஒதுக்கப்பட்ட களத்தின் ஓரமே தகட்டுக்கும் வண்டிக்கும் ஏற்ற இடமாகும்.

நூறு வாட் தகடு நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக ஏறத்தாழ முந்நூறு வாட்மணி மின்சாரம் தருகிறது. அது எல்.இ.டி. விளக்குகளுக்கும் கைபேசிகளுக்கும் சிறு மின்விசிறிக்கும் போதும். அறையைச் சூடாக்கவோ மின்னடுப்பில் சமைக்கவோ போதாது. இவ்வெல்லையை உணர்ந்து பயன்படுத்தும்போது, காட்டோரம் இரவில் டீசல் ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் தேவையற்றுப்போகின்றன.

இவ்வளவு நன்மைகளுக்கிடையே ஒரு பொறுப்பும் மலையின் வரலாற்றிலிருந்தே எழுகிறது. கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற பாதரசக் கழிவு மண்ணையும் தொழிலாளர் உடல்நலத்தையும் பற்றிய நீண்ட போராட்டத்துக்குக் காரணமானது. கண்ணாடித் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் வரை உழைக்கக்கூடியது. வளையும் தகடோ வெப்பத்தாலும் வளைவினால் உண்டாகும் நுண்விரிசல்களாலும் பெரும்பாலும் அதற்கு வெகுமுன்பே தளர்கிறது. பல அடுக்குகளாக ஒட்டிய பிளாஸ்டிக்கையும் சிலிக்கானையும் பிரித்தெடுப்பதும் எளிதன்று. 2022-இன் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் சூரியத் தகடுகளையும் தம்முள் சேர்த்திருப்பதால், பழுதான தகட்டை மலையிலேயே எறியாமல் முறைப்படி திருப்பியனுப்பும் சட்டவழி இப்போது உள்ளது. வெயிலிலிருந்து பயன்பெறும் எந்தக் கருவியும் மலைக்கு நன்மை செய்வதாகக் கொள்ளப்பட வேண்டுமானால், அது உழைக்கும் ஆண்டுகளோடு அது கழிவாகும் ஆண்டையும் சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். அம்மதிப்பீட்டை முதலில் கேட்கும் உரிமை ஆடலூர் போன்ற ஊர்களின் மக்களுக்கே உண்டு.