நடிகர் சொன்னால் அனிமே படம் ஓடுமா?



கொக்குவில் பிள்ளைகளின் கொப்பி உறைகளில் இப்போது நருட்டோவும் லூஃபியும்தான். பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: “சேர், பெரிய நடிகை எல்லாம் விளம்பரம் செய்யிறா. அப்ப பிள்ளையள் பாக்கக்கூடிய படம்தானே?” கேள்வி நியாயமானது. பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

நம் பிராந்தியத்தில் இதற்கு முதல் பாடம் இராமாயணம். ஆவணப்பட வேலையாக இந்தியா வந்த ஜப்பானியர் யுகோ சாகோ, அந்தக் கதையில் மனம் பறிகொடுத்தார். இந்தியாவின் ராம் மோகன், ஜப்பானின் கொய்ச்சி சசாகி ஆகியோருடன் சேர்ந்து அதை முழுநீள அனிமே ஆக்கினார். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு இந்தியா கொந்தளித்துக் கிடந்தது. அடுத்த மாதம் டில்லித் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. ஆனால் ஊர் ஊராகத் தியேட்டர்களுக்குப் போகவில்லை.

பிறகு வந்த ஹிந்திப் பதிப்பில் இராமருக்குக் குரல் கொடுத்தவர் அருண் கோவில். 1987இல் தொடங்கிய தூர்தர்ஷன் தொடரில் இராமராக நடித்து வீடு வீடாகத் தெரிந்தவர். இராவணனுக்கு அம்ரிஷ் பூரி. இந்தக் குரல்கள் உதவியிருக்கும். ஆனாலும் படத்தை வாழவைத்தது தொலைக்காட்சியில் அது திரும்பத் திரும்ப ஓடியதுதான். அன்று அதைப் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின், 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் தியேட்டருக்கு வந்தது.

அமெரிக்காவிலும் இதே பாடம். ஹயாவோ மியாசாகியின் ‘பிரின்சஸ் மொனொனொகே’ 1997இல் ஜப்பானில் வசூல் சாதனை படைத்தது. 1999இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது கிளெயார் டேன்ஸ், பில்லி பொப் தோர்ண்டன், ஜிலியன் அன்டர்சன் என நட்சத்திரங்களைப் பேச வைத்தார்கள். அங்கு வசூல் 25 இலட்சம் டொலரைக்கூடத் தொடவில்லை.

அதே மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2002இல் அங்கு போனது. இம்முறை பரிந்துரைத்தவர் ‘டோய் ஸ்டோரி’ இயக்குநர் ஜோன் லசெட்டர். அவரும் அனிமேஷன் கலைஞர். மியாசாகியின் படங்களை நேசித்தவர். ஆங்கிலப் பதிப்பு வேலையையும் அவரே மேற்பார்த்தார். 2003இல் படம் ஒஸ்கார் வென்றது. வசூலும் முந்தைய படத்தைப் போலப் பல மடங்கு. முகத்தைக் கடன் கொடுப்பவரின் சொல்லுக்கும், தொழில் தெரிந்தவரின் சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் இது.

இந்தியாவுக்கு வருவோம். 2019இல் மகோதோ ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’ அங்கு வெளியாகக் காரணம் எந்த நடிகரும் அல்ல. 50,000க்கு மேற்பட்ட இரசிகர்கள் இணையத்தில் கையொப்பமிட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு 2023இல்தான் கிரஞ்சிரோல் நிறுவனம் ராஷ்மிகா மந்தனாவையும் டைகர் ஷெரோஃபையும் விளம்பரத்துக்குக் கொண்டுவந்தது. கூட்டம் சேர்ந்த இடத்தில்தான் கடை போடுவார்கள்.

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ்க் குரலோடும் வந்து, இந்தியாவில் அதுவரை எந்த அனிமேயும் காணாத வசூலைக் கண்டது. 2019 முதல் அந்தத் தொடரைப் பார்த்துவந்த இளைஞர்கள் ஒருவருக்கொருவர் சொன்னதும், நம் மொழியில் கேட்கக் கிடைத்ததுமே அதற்கு முக்கிய காரணம் என்பது என் கணிப்பு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அதே படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ தரச்சான்று. இரத்தமும் வெட்டும் இருப்பதால் 17 வயதுக்குக் குறைந்தவர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாது என்று பொருள். விளம்பரத்தில் சிரிக்கும் முகம் இதைச் சொல்லாது. “கார்ட்டூன்தானே” என்ற நம் நினைப்பும் சொல்லாது.

ஆகவே தடை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அனிமேயில் அருமையான படைப்புகள் உண்டு. தரச்சான்றைப் பாருங்கள். முன்னோட்டத்தைப் பிள்ளையோடு இருந்து பாருங்கள். “இதில் உனக்குப் பிடித்தது என்ன?” என்று கேளுங்கள். நடிகைக்கு உங்கள் பிள்ளையின் வயது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.