கிளை விரித்த செல்

1868. பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர். இருபது, இருபத்தோரு வயசு இருக்கும். மனிதத் தோலின் மெல்லிய சீவலில் தங்கக் குளோரைடைச் சாயமாக ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். (தங்கத்தை இப்படியும் செலவழித்திருக்கிறார்கள்!) மேல்தோலில் அங்கங்கே, கிளை விரித்த மரம் மாதிரி கறுப்பாகச் சில செல்கள். கிளை இருந்தால் நரம்புதானே? அப்படியே எழுதிவிட்டார். மறுவருஷம் கணையத்தில் அவர் கண்டுபிடித்த 'திட்டு'களுக்குக் கிடைத்த பேர் இதற்குக் கிடைக்கவில்லை. நூறு வருஷம் இது புதிர்.

1973. நியூயார்க், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகம். ரால்ஃப் ஸ்டைன்மன், ஸான்வில் கோன் இருவரும் எலியின் மண்ணீரலை ஆராய்கிறபோது, கைகளை நீட்டுவதும் மடக்குவதுமாக ஒரு விநோத செல். மரத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து 'டெண்ட்ரிடிக்' என்று பெயர் வைத்தார்கள். பலர் நம்பவில்லை. நம்பவைக்க ஸ்டைன்மனுக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. தோலில் லாங்கர்ஹான்ஸ் பார்த்ததும் இதன் சொந்தக்காரர்தான் என்பது பிறகு தெரிந்தது.

எதற்கு இத்தனை கை? தோல் செல்களின் இடுக்கில் துழாவ. கிருமி சிக்கினால் துண்டு துண்டாக்கி, துண்டுகளைத் தன் மேலேயே மாட்டிக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் புறப்படும். அங்கே 'டி' செல்கள் வரிசையாக வந்து உரசிப் பார்க்கும். எது யாருக்குப் பொருந்தும் என்று தெரியாதே! பரப்பு அதிகம் இருந்தால்தான் நிறையப் பேர் உரச முடியும். பொருந்தியது ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒட்டும் இடம்தான் அழகு. 1998-ல் டென்வரில் ஆப்ரஹாம் குப்ஃபர் குழு படமெடுத்துக் காட்டியது: டி செல் ஒட்டும் இடத்தில், நடுவில் சேதி வாங்கும் மூலக்கூறுகள், சுற்றிலும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள். அம்பு எய்கிற பலகை மாதிரி வளையம் வளையமாக! இதற்கு 'இம்யூன் சினாப்ஸ்' என்று பெயர். சினாப்ஸ் என்பது நரம்பும் நரம்பும் பேசிக்கொள்ளும் சந்திப்புக்கு வைத்த வார்த்தை. லாங்கர்ஹான்ஸ் அப்படி ஒன்றும் முழுசாகத் தப்பில்லை.

2007-ல் ஸ்டைன்மனுக்குப் புற்றுநோய். கணையத்தில்! வழக்கமான சிகிச்சையோடு, தன் கட்டியை வைத்தே தன் டெண்ட்ரிடிக் செல்களைப் பழக்கி ஊசியாகப் போட்டுக்கொண்டார். நாலு வருஷத்துக்கு மேல் இருந்தார். அது ஊசியாலா என்று ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2011 செப்டம்பர் 30-ல் இறந்தார். அது தெரியாமல் அக்டோபர் 3-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் அறிவித்துவிட்டார்கள். இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது விதி. கூடிப் பேசினார்கள், உயிரோடு இருப்பதாக நம்பித்தானே கொடுத்தோம், இருக்கட்டும் என்றார்கள்.

டிசம்பரில் அவர் மனைவி மேடையேறி வாங்கிக்கொண்டார்.